பூசணிக்குக் கொள்ளு கிடையாது!

“லோடா, எம்ட்டியா?”

திருப்போரூரிலிருந்து நெம்மேலிக்குப் போகிற பக்கம் ஒரு லாரி எடைமேடை. காலை ஐந்தே முக்கால். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த பையன் தலையை நிமிர்த்தாமலே கேட்டான். ஜல்லி லாரியிடமும் எம்-சாண்ட் லாரியிடமும் கேட்டுக் கேட்டு வாயில் ஊறிப்போன கேள்வி. பதிலுக்கு ஒரு கனைப்பு வந்தது. நிமிர்ந்தான். மேடை நடுவில் ஒரு குதிரை நின்றிருந்தது.

“ஃபுல் லோடு,” என்றார் கயிற்றைப் பிடித்திருந்த சைஸ், அதாவது குதிரை பார்க்கும் அண்ணன். முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லை.

பல டன் வண்டிகளுக்காகக் கட்டிய மேடை இது. எண் பத்துப் பத்தாகத்தான் தாவும். குதிரை ஒரு காலை மாற்றி வைத்தால் 390, பெருமூச்சு விட்டால் 410. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று: அண்ணன் மேடையை விட்டு இறங்கினால் குதிரையும் பின்னாலேயே இறங்கிவிடுகிறது. அண்ணன் மேலேயே நின்றால் அவர் எடையும் சேர்ந்துவிடுகிறது. மூன்று தடவை ஏறி இறங்கிய பிறகு பையன்தான் வழி சொன்னான். ரெண்டு பேரையும் சேர்த்துப் போடு, அப்புறம் அண்ணனைத் தனியாகப் போட்டுக் கழி. 460-லிருந்து 60 போக 400.

“எனக்குத்தான் சார் மானம் போச்சு, லாரி காட்டாவுல நிக்க வெச்சிட்டாங்க,” என்றார் அண்ணன்.

ரசீது அடிக்கும்போது அடுத்த கலாட்டா. வண்டி எண் போடாமல் கம்ப்யூட்டர் நகர மாட்டேன் என்றது. பையன் யோசித்து ‘குதிரை 1’ என்று தட்டினான். எதற்கு 1? “நாளைக்கு இன்னொண்ணு வந்தா சார்?” என்ன ஒரு தொலைநோக்கு! பொருள் என்கிற கட்டத்தில் ‘மற்றவை’.

இத்தனை கூத்தும் எதற்கு என்கிறீர்களா? பூசணி இளைக்கப் போகிறாள். அந்தப் படலத்தைத் திரைக்குப் பின்னால் நின்று பார்க்க எனக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. ஒரே நிபந்தனை, லாயத்தின் பெயரை எழுதக்கூடாது. “குதிரையேற்றம் கத்துக்க வர்ற பசங்க எல்லாம் ‘எது அந்தக் குண்டுக் குதிரை’ன்னு கேட்பாங்க, அது மனசு கஷ்டப்படும்,” என்றார் லாயத்துக்காரம்மா. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஏட்டில் அவள் பெயர் ராணி. மார்வாரிக் கலப்பு. காதுகள் இரண்டும் உள்பக்கமாக வளைந்து நுனிகள் ஒன்றையொன்று முத்தமிடும். அந்தக் காதை மட்டும் பார்த்தால் ராஜபுதனத்து அரண்மனை வாசலில் நிற்க வேண்டியவள். காதுக்குக் கீழே பார்த்தால் பூசணி. ஐப்பசி, கார்த்திகை மழையில் மைதானம் சேறாகிப்போய் மாதக்கணக்கில் வேலையே இல்லை. வேலைதான் நின்றதே தவிர தீனி நிற்கவில்லை. “காத்தக் குடிச்சே ஒடம்பு போடற ரகம் சார் இது,” என்பது அண்ணனின் வாக்குமூலம்.

அன்று ஏழு மணிக்கு டாக்டரம்மா வந்தார். சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். எடைமேடை ரசீதை வாங்கிப் பார்த்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்தார். “ஞாபகார்த்தமா வச்சுக்கோங்க.” பத்து கிலோ இப்படி அப்படிப் போகிற எண்ணை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? வாரத்துக்கு இரண்டிலிருந்து நாலு கிலோ குறைந்தால் போதும் என்பது அவர் கணக்கு. அதற்குமேல் வேகம் கூடாதாம்.

பையிலிருந்து தையல்காரர் டேப் வெளியே வந்தது. முன்னங்காலுக்குப் பின்னால், முதுகு மேட்டை ஒட்டி, நெஞ்சைச் சுற்றி ஒரு அளவு: 178 சென்டிமீட்டர். குதிரை மூச்சை வெளியே விட்ட கணத்தில் படிக்க வேண்டும். பூசணி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றதாக எனக்கு ஒரு சந்தேகம். தோள் முனையிலிருந்து பின்தொடை எலும்பு முனை வரை இன்னொரு அளவு: 150. நெஞ்சளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ. செல்போனில் தட்டினேன். 400! எடைமேடைப் பையன் பிழைத்தான். “உங்க லாரிக் காட்டா இன்னிக்கு நல்ல மூட்ல இருந்திருக்கு, நம்பாதீங்க,” என்றார் டாக்டரம்மா. ஒவ்வொரு தடவையும் ஒரே ஆள், ஒரே டேப், ஒரே இடம். எண் கொஞ்சம் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, இறங்குகிறதா என்பதுதான் கேள்வி.

பிறகு என் கையைப் பிடித்து ஒரு வித்தை காட்டினார். நீங்களும் செய்து பாருங்கள். முஷ்டியை மடக்கி, விரல் முட்டிகளின் மேல் இன்னொரு கையால் தடவுங்கள். குதிரையின் விலா அப்படித் துருத்தினால் அது பட்டினிக் குதிரை. முஷ்டியைப் பிரித்து புறங்கையைத் தடவுங்கள். எலும்பு கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். அது சரியான குதிரை. இப்போது உள்ளங்கையில் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் சதைமேட்டை அமுக்குங்கள். பூசணி! விலாவைத் தேடி என் ஐந்து விரல்களும் ஒரு சுற்று போய் வெறுங்கையோடு திரும்பின. பிடரி மேடோ, பரோட்டா மாவு. வால் முளைக்கிற இடத்தில் மெத்தை. ஆச்சரியம், இவர்கள் வயிற்றைப் பார்ப்பதே இல்லை. வயிறு புல்லாலும் உப்பும். கொழுப்பு குடியிருப்பது கழுத்திலும், தோளுக்குப் பின்னாலும், வாலடியிலும்.

இதையெல்லாம் சேர்த்து ஒன்றிலிருந்து ஒன்பது வரை மதிப்பெண் போடுகிற முறையை அமெரிக்காவின் டெக்சஸில் டான் ஹென்னெக் 1983-ல் வெளியிட்டார். ஐந்து வாங்கினால் முதல் வகுப்பு. ஒன்பது வாங்கினால் ஃபெயில். பூசணிக்கு எட்டு.

இனிதான் வேடிக்கை. ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று நம் ஊரில் சொல்லாத பாட்டி கிடையாது. அந்தப் பாட்டி சொல்லைக் கேட்டு நான் வாரம் மூன்று நாள் கொள்ளு ரசம் குடிக்கிறேன். போதாக்குறைக்கு ராத்திரியில் குதிரைவாலிப் பொங்கல். நான் இளைக்கக் குதிரைத் தீனி தின்றுகொண்டிருக்க, இங்கே குதிரை இளைக்க டாக்டரம்மா எழுதிய சீட்டின் முதல் வரி: ‘கொள்ளு நிறுத்தம்.’

அடுத்த வரி, ‘குதிரைமசால் குறை’. மற்ற ஊர்களில் லூசர்ன் என்கிற பசுந்தீவனத்துக்குத் தமிழில் குதிரைமசால் என்று பெயர் வைத்துவிட்டு, குதிரைக்கே இல்லை என்றால் எப்படி? கொள்ளுக்கும் ஆங்கிலப் பெயரில் குதிரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயரில் குதிரை உள்ள தீனி எல்லாம் பறிமுதல்! மூன்றாவது வரி தவிடு. தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச்சத்து குறைவு. அதையே அள்ளி அள்ளிப் போட்டால் எலும்பில் இருக்கிற சுண்ணாம்பு கரைந்து முகம் வீங்கும். அந்தக் காலத்தில் மாவு மில்காரர்களின் குதிரைகளுக்கு இது அடிக்கடி வந்ததால் ஆங்கிலத்தில் மில்காரர் நோய் என்றே ஒரு பெயர் உண்டு.

தீனி அறைக்குள் எட்டிப் பார்த்தேன். நீல பிளாஸ்டிக் டிரம்மில் கொள்ளு. மூடிக்குக் குறுக்கே சங்கிலி. சங்கிலியில் திண்டுக்கல் பூட்டு. நகைக்கடை லாக்கர் தோற்றது. “பூட்டு குதிரைக்கா?” என்றேன். “அது மூடியத் தொறக்கக் கத்துக்கிச்சு சார். மூக்கால நெம்பும்.” கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்ற பழமொழி இந்த லாயத்தில் பிறந்திருக்க வேண்டும்.

குதிரையைக் கண்டால் ஊட்டிவிடத் தோன்றுவது இந்தக் கடற்கரைக்குப் புதிது இல்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் நீர்ப்பெயற்று என்றொரு துறைமுகம் வருகிறது. வெள்ளைப் பிடரிக் குதிரைகளைக் கப்பல்கள் கொண்டுவந்து இறக்கிய இடம். அது நம் மாமல்லபுரம் பக்கம்தான் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. அப்படியானால் பூசணி இப்போது நிற்கிற இடத்திலிருந்து ஒரு குதிரை ஓட்டத் தூரம்! பின்னால் 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தமிழ்நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே குதிரைக்குச் சோற்றோடு கறியை வேகவைத்துப் போடுகிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். கடல்கடந்து வாங்கிய குதிரைகள் வருஷத்துக்குள் சாகின்றன, லாடக்காரர்களை இந்தப் பக்கம் வரவிடாமல் வியாபாரிகளே தடுக்கிறார்கள், செத்தால்தானே அடுத்த வருஷமும் விற்கலாம் என்பதும் அவர் சொன்னதுதான். கறிச்சோறு ஊட்டியவன் அந்தக் குதிரையை வெறுத்திருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை. ஐயனார் கோயில் மண் குதிரைகளைப் பாருங்கள். கழுத்து திரண்டு, பின்பக்கம் உருண்டு, ஒரு விலா எலும்பு தெரியாது. நம் கண்ணுக்கு ‘நல்ல குதிரை’ என்றால் அதுதான். டாக்டரம்மாவின் அளவுகோலில் அத்தனையும் எட்டு, ஒன்பது. திருப்போரூர் கந்தசாமி மாசிப் பிரம்மோற்சவத்தில் பரிவேட்டைக்குப் புறப்படுகிற வாகனக் குதிரை மட்டும்தான் கச்சிதம். மரம். தீனி கேட்காது.

சரி, கொள்ளை நிறுத்திவிட்டுப் பட்டினி போட்டுவிடலாமே என்று நான் கேட்டது பெரிய தப்பாகப் போயிற்று. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குதிரையின் இரைப்பையில் அமிலம் இருபத்துநாலு மணி நேரமும் சுரந்துகொண்டே இருக்கும், உள்ளே ஏதாவது இருக்கிறதோ இல்லையோ. காலியாக விட்டால் புண். அதோடு, குண்டுக் குதிரையைத் திடீரென்று பட்டினி போட்டால் உடம்புக் கொழுப்பு மொத்தமாகக் கரைந்து ரத்தத்தில் இறங்கி, கல்லீரலை அடைத்து ஆளையே கொன்றுவிடலாம். மட்டக் குதிரைக்கும் கழுதைக்கும் இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஆகவே வாய் ஓயக்கூடாது, ஆனால் உள்ளே போவதில் சத்து குறைவாக இருக்க வேண்டும். அந்தத் தந்திரம்தான் மொத்த வைத்தியமும்.

உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை பங்கு உலர்தீனி. பூசணிக்கு ஆறு கிலோ. காய்ந்த புல்லிலும் கொஞ்சம் ஈரம் இருக்குமல்லவா, அதனால் தராசில் ஏழு கிலோ நிறுக்கிறார்கள். காய்ந்த அருகம்புல். அதைத் தண்ணீரில் அமுக்கி முக்கால் மணி நேரம் ஊற வைக்கிறார் அண்ணன். புல்லில் இருக்கும் சர்க்கரை தண்ணீரில் கரைந்து வந்துவிடும். குளிர்தேசங்களில் மணிக்கணக்கில் ஊறவைப்பார்களாம். நம் வெயிலில் அப்படிச் செய்தால் தீனி புளித்துவிடும். டப்பிலிருந்து வழிகிற தண்ணீரைக் குனிந்து பார்த்தேன். அசல் பால் கலக்காத டீ. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன் (பத்திரிகையாளனின் கடமை). லேசாகத் தித்தித்தது! சத்தியமாக. அந்தத் தண்ணீர் தென்னைக்குப் போகிறது. “மரம் குண்டாவுது சார்,” என்றார் அண்ணன்.

அடுத்தது எனக்கு மிகப் பிடித்த ரகசியம். ஏழு கிலோவையும் தொட்டியில் கொட்டினால் பூசணி ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு மீதி நாளெல்லாம் சுவரைக் கடித்துக்கொண்டு நிற்பாள். ஆகவே சின்னக் கண்ணி வலைக்குள் புல்லை அடைத்துத் தொங்கவிட வேண்டும். அப்படிப்பட்ட வலை வெளியூரிலிருந்து வர வேண்டும், விலையும் ஜாஸ்தி. கடற்கரையை வைத்துக்கொண்டு வலைக்கு வெளியூரா? பக்கத்துக் குப்பத்து மீனவர் ஒருவர் தடிமனான கயிற்றில், ரெண்டு விரல் மட்டும் நுழைகிற கண்ணியாகப் பின்னிக் கொடுத்திருக்கிறார். வஞ்சிர வலையில் பாதி வேலைகூட இல்லை என்றாராம். கால் மாட்டாத உயரத்தில் அது தொங்குகிறது. பூசணி உதட்டைக் குவித்து, ஒவ்வொரு புல்லாக உருவி உருவி, பல் குத்துகிற பாட்டி மாதிரி இழுக்கிறாள். மளமளவென்று முடிந்த சாப்பாடு இப்போது வெகுநேரம் ஓடுகிறது. மேய விடும்போது களத்து மாட்டுக்குக் கட்டுகிற மாதிரி ஒரு வாய்க்கூடு. அதைக் கட்டின அன்று அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத மாட்டேன்.

“காலைல அரை மணி நேரம் லஞ்சிங்,” என்று சீட்டில் இருந்தது. காலையிலேயே லஞ்சா என்று நான் உள்ளுக்குள் மகிழ்ந்தேன், பூசணிக்காக. அது சாப்பாடு இல்லையாம். நீளக் கயிற்றின் ஒரு முனை ஆளின் கையில், மறு முனையில் குதிரை, செக்கு மாடு போல வட்டம். முதல் வாரம் வெறும் நடை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் துள்ளோட்டம். எல்லாம் சூரியன் கடலை விட்டு எழும்புவதற்குள் முடிய வேண்டும். ஏனென்றால் இந்தக் கரையில் வியர்வை காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. மனிதர்களுக்குப் பனியன் ஈரமாவதோடு சரி. குதிரைக்கோ சேணத்துக்கு அடியில் சோப்பு போட்ட மாதிரி வெள்ளை நுரை தள்ளுகிறது. வியர்வையில் லேதரின் என்றொரு புரதம் இருக்கிறது, அதுதான் நுரைக்கிறது. உப்பும் நிறையப் போய்விடும் என்பதால் லாயச் சுவரில் ஒரு உப்புக்கட்டி. நக்கி நக்கி நடுவில் குழி விழுந்து அது ஒரு சிற்பம் போல இருக்கிறது. மாமல்லபுரம் பக்கத்தில் இருப்பதால் எனக்கு எல்லாமே சிற்பமாகத் தெரிகிறதோ என்னவோ.

நடையை நினைத்தால் திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் காந்திமதி ஞாபகம் வருகிறாள். எடை கூடி மூட்டு வலித்த அந்த யானையைத் தினமும் நடக்க வைத்தார்கள். பாதம் நோகாமல் இருக்க 2022-ல் பக்தர்கள் 12,000 ரூபாயில் தோல் செருப்பு தைத்துப் போட்டார்கள். 2025 ஜனவரியில் அவள் போனபோது ஊரே அழுதது. கோயில் யானைகளுக்கு 2003-ல் முதுமலையில் தொடங்கி, பிறகு தேக்கம்பட்டியில் நடந்த நலவாழ்வு முகாம்களிலும் எடை பார்ப்பது ஒரு சடங்காக இருந்தது. பழத்தால் பக்தியைக் காட்டுகிறவர்கள் நாம். யானையின் மூட்டுதான் அந்தப் பக்தியைச் சுமக்கிறது.

குதிரைக்குச் சுமப்பது குளம்பு. குளம்பின் ஓட்டுக்கும் உள்ளே இருக்கிற எலும்புக்கும் நடுவில் புத்தகத் தாள்கள் மாதிரி மெல்லிய மடிப்புகள் கோத்துக்கொண்டு நிற்கின்றன. முழு எடையும் தொங்குவது அந்தக் கோப்பில். குண்டான உடம்பில் இன்சுலின் கட்டுக்கடங்காமல் ஏறினால் அந்த மடிப்புகள் நெகிழ்ந்து விட்டுப்போகும். எலும்பு உள்ளேயே சரியும். லாமினைட்டிஸ் என்கிறார்கள். தானியத் தீனியால் வருகிறது என்று கண்டு பழைய கிரேக்கர்கள் இதைப் பார்லி நோய் என்றார்கள். குளம்பு சுடுகிறதா என்று அண்ணன் தினமும் நாலு காலையும் தொட்டுப் பார்க்கிறார். குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி, புறங்கையால். சுட்டால் நடை, ஓட்டம் எல்லாம் உடனே நிறுத்தம். அந்த ஒரு நிமிஷம் மட்டும் லாயத்தில் யாரும் ஜோக் அடிப்பதில்லை.

மூன்றாம் வாரம் டேப் அசையவில்லை. 177-லேயே நிற்கிறது. தீனி நிறுத்துதான் போடப்பட்டது, பூட்டு உடையவில்லை, வலை கிழியவில்லை. டாக்டரம்மா விசாரணைக் கமிஷன் அமைத்தார். பக்கத்துக் கொட்டடிக் குதிரை ஓட்ஸ் சிந்துகிறதா? இல்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிற பிள்ளைகள் கேரட் கொடுக்கிறார்களா? போர்டே மாட்டியாயிற்று. டீக்கடைப் பக்கம் போனாளா? அண்ணன் கற்பூரம் அடிக்காத குறை.

பிறகு அண்ணன் மெதுவாக என் தோள்பையைப் பார்த்தார். பூசணியும் பார்த்தாள். அவள் மூக்கு ஏற்கெனவே பைக்குள் இருந்தது.

நான் என்ன செய்வேன்? ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போகலாமா? வருகிற வழியில் திருப்போரூர் சந்நிதியில் கும்பிட்டுவிட்டு, அர்ச்சனைத் தட்டிலிருந்து ரெண்டு வாழைப்பழம், ஒரு தேங்காய் மூடி, கொஞ்சம் கல்கண்டு. வாரத்துக்கு நாலு நாள். “பிரசாதம் டாக்டர்,” என்றேன். அவர் வாயைத் திறந்தார், மூடினார். முருகனை எதிர்த்துச் சீட்டு எழுத எந்தப் பல்கலைக்கழகமும் கற்றுக்கொடுப்பதில்லை. கடைசியில் சொன்னார்: “பிரசாதம் இனிமே அண்ணனுக்கு. குதிரைக்கு விபூதி மட்டும்.”

மறுநாளிலிருந்து பூசணியின் நெற்றிச் சுழியில் விபூதிக் கீற்று. என் பையில் வெறும் நோட்டுப் புத்தகம். அவள் அதையும் ஒரு ஓரம் கடித்துப் பார்த்தாள். ஊறவைத்த புல்லைவிட ருசியாக இருந்திருக்க வேண்டும், தை மாதக் குறிப்பு முழுக்கப் போய்விட்டது.

ஆறாவது வாரம் டேப் 174 காட்டியது. செல்போனில் தட்டினால் 382. டாக்டரம்மா விலாவைத் தடவினார். என் கையையும் எடுத்து வைத்தார். மெத்தைக்கு அடியில் எங்கேயோ, வரிவரியாக, இருந்தது! நான் கத்திய கத்தலில் பக்கத்துக் கொட்டடிக் குதிரைகள் மூன்றும் தலையைத் தூக்கின.

எடைமேடைக்கும் போயே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தது நான்தான். டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். அதே ஐந்தே முக்கால், அதே கூண்டு. பையன் போனில் எதையோ பார்த்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், “லோடா, எம்ட்டியா?” என்றான்.

அண்ணன் பூசணியை முன்னும் பின்னும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

“முக்கா லோடு.”